ஒருநாள் பனிமலைப் பயணம்: வரிசையிலேயே நாள் போகாமல் இருக்க என்ன வழி?

நீலவானம்

வரும் மாதம் ஒரு சனிக்கிழமை, காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் திட்டம். காரில் இரண்டரை மணி நேரத் தூரம். மொத்தம் ஐந்து பேர். ஸ்கீ (பனிச்சறுக்கு) ஓரளவு தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர், 8 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள் (இருவருக்கும் இதுதான் முதல் தடவை), 68 வயது அம்மா. அம்மாவுக்குச் சறுக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. கேபிள் காரில் மேலே போய் மலையைப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும் என்கிறார்.

டிக்கெட் கவுன்ட்டர், ஸ்கீயும் பூட்ஸும் எடுக்கும் வாடகைக் கடை, மலையேற்றும் லிஃப்ட் (கம்பியில் தொங்கிப் போகும் இருக்கை அல்லது பெட்டி), சாப்பாடு, மறுபடி கீழே இறங்குவது என்று ஐந்து இடத்தில் வரிசை இருக்கும் போலிருக்கிறது. இவற்றில் எதை முழுசாகத் தவிர்க்கலாம், எதைக் குறைக்கத்தான் முடியும்? "சீக்கிரம் போங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு, எந்த லிஃப்டுக்கு, ஏன் என்ற அளவுக்கு விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

கம்பிவடம்

லிஃப்ட் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பாருங்கள். ஒரு லிஃப்ட் மணிக்கு எத்தனை பேரை ஏற்றும் என்பது சின்னக் கணக்கு. ஒரு இருக்கையில் எத்தனை பேர், எத்தனை வினாடிக்கு ஒரு இருக்கை வருகிறது, அவ்வளவுதான். ஆறு பேர் உட்காரும் சேர்லிஃப்ட் (திறந்த இருக்கை) 7.2 வினாடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 3,000 பேர். நான்கு பேர் இருக்கை 6 வினாடிக்கு ஒன்று என்றால் 2,400. இரண்டு பேர் இருக்கை அதே 6 வினாடிக்கு 1,200. பத்துப் பேர் ஏறும் கொண்டோலாவில் (கம்பியில் தொடர்ந்து வரும் மூடிய பெட்டிகள்) 12 வினாடிக்கு ஒரு பெட்டி வந்தால் அதுவும் 3,000.

இந்தக் கணக்கில் கம்பியின் வேகம் எங்கேயும் வரவில்லை. பலரும் தவறவிடும் இடம் இதுதான். பழைய வகை சேர்லிஃப்டில் இருக்கை கம்பியோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும், வினாடிக்குச் சுமார் 2.5 மீட்டர்தான் போகும். புதிய வகையில் நிலையத்துக்குள் வந்ததும் பிடி கழன்று இருக்கை மெதுவாகும், வெளியே போனதும் வினாடிக்கு 5 மீட்டர் வேகம் எடுக்கும். 1,500 மீட்டர் நீளத்தை முதலாவது 10 நிமிடத்தில் ஏறும், இரண்டாவது 5 நிமிடத்தில். ஆனால் இருக்கைகள் ஒரே இடைவெளியில் வரும்வரை கீழே வரிசை நகர்வது இரண்டிலும் ஒன்றேதான். கூட்டம் எப்போதும் வேகமான லிஃப்டைத் தேடி ஓடும். அதனால் நெரிசலான நேரத்தில் ஓரமாக இருக்கும் பழைய மெதுவான லிஃப்டுக்குப் போங்கள். அங்கே கால் மணி நேரம் நிற்பதற்கு இங்கே 5 நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து போகலாம், காலுக்கும் ஓய்வு. காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் இது வேண்டாம், பத்து நிமிடம் திறந்த இருக்கையில் உறைந்துபோவீர்கள்.

இரண்டே பெரிய பெட்டிகள் மாறி மாறி ஏறி இறங்கும் கேபிள் காரின் கணக்கு வேறு. பெட்டிக்கு 80 பேர், பயணம் 10 நிமிடம், ஏற்றி இறக்க 2 நிமிடம் என்றால் மணிக்கு 5 நடை, 400 பேர். தூரம் கூடக்கூட இதன் கொள்ளளவு குறையும். கொண்டோலாவில் அந்தப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு முன்னால் 200 பேர் நின்றால் ஆறு பேர் சேர்லிஃப்டில் அது 4 நிமிடம், இந்தக் கேபிள் காரில் ஏறக்குறைய அரை மணி நேரம்.

இந்த எண்கள் எல்லா இருக்கையும் நிரம்பினால் வருபவை. நேரில் போனதும் ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8 இருக்கை போகிறது, சராசரியாக ஒன்றில் நான்கு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நிமிடத்துக்கு 32 பேர். முன்னால் 320 பேர் இருந்தால் 10 நிமிடம். அதற்கு மேல் என்றால் வேறு லிஃப்ட் தேடலாம்.

இருக்கை காலியாகப் போவதற்குக் காரணம் நான்கு பேராக வருபவர்கள் "எங்களுக்குத் தனியாக" என்று நிற்பதுதான். அந்த இடங்களை நிரப்பத்தான் தனிநபர் வரிசை இருக்கிறது. பிள்ளைகள் பயிற்சி வகுப்பில் இருக்கும்போது நீங்கள் இருவரும் அந்த வரிசையில் தனித்தனியாக ஏறி மேலே சேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை அதில் விடக் கூடாது. ஆல்ப்ஸ் பகுதியில் பல இடங்களில் 1.25 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளை பெரியவர் துணையோடுதான் சேர்லிஃப்டில் ஏற வேண்டும்.

கடைசியாக, அடிவார லிஃப்ட் மலைக்குள் நுழையும் வாசல் மாதிரி. ஒருமுறை அதைக் கடந்து மேலே போய்விட்டால் சாயங்காலம் வரை அதன் அடிக்குத் திரும்ப வராதீர்கள். நடுமலை லிஃப்டுகளிலேயே சுற்றுங்கள்.

வெள்ளைத்தடம்

கேள்விக்கு நேர் பதில்: முழுசாகத் தவிர்க்கக்கூடியவை டிக்கெட் கவுன்ட்டரும் வாடகைக் கடையும். மற்ற மூன்றும் நேரத்தை நகர்த்துவதால் குறையும்.

டிக்கெட்டை முந்தைய நாளே இணையத்தில் வாங்குங்கள். முன்பு போனபோது வாங்கிய சிப் கார்டு (லிஃப்ட் வாசல் கேட்டைத் திறக்கும் கார்டு) யாரிடமாவது இருந்தால் அதன் மேல் அச்சிட்ட எண்ணைக் கொடுத்துப் பாஸை அதிலேயே ஏற்றிக்கொள்ளப் பல இடங்களில் வசதி உண்டு. அப்படிச் செய்தால் நேராகக் கேட்டுக்கு நடக்கலாம். கார்டு இல்லாவிட்டால் பணம் கட்டியிருந்தாலும் அதை வாங்க ஓர் இயந்திரத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். பார்க்கிங் பக்கமுள்ள இயந்திரத்தில் ஆள் இருக்காது, லிஃப்ட் வாசலில் இருப்பதில்தான் குவிவார்கள். பிள்ளைகளுக்கு முழு மலைக்கும் பாஸ் எடுக்காதீர்கள். கற்பவர்களுக்கான பகுதிக்கு மட்டும் தனி டிக்கெட் கிடைக்கும், சில இடங்களில் அந்தப் பகுதி இலவசம்கூட.

வாடகைக் கடையில் நேரம் போவது பணம் கட்டுவதில் அல்ல, அளவு எடுப்பதில். ஒவ்வொருவருடைய உயரம், எடை, வயது, பாத நீளம், எவ்வளவு பழக்கம் என்ற ஐந்து தகவலையும் வைத்துத்தான் விழும்போது ஸ்கீ எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்று அமைப்பார்கள். இவற்றை இணையத்தில் முன்பதிவு செய்யும்போதே கொடுத்துவிடுங்கள். பாத நீளம் என்பது சாதாரண ஷூ எண் அல்ல. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். 24.5 செ.மீ. பாதத்துக்கு 24.5 பூட்ஸ். ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ் போதும், இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் வலிக்கும். நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்னுக்கு வர வேண்டும். கடையிலேயே ஐந்து நிமிடம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். அளவு சரியில்லாத பூட்ஸை மாற்ற 11 மணிக்குத் திரும்பி வருபவர்கள், காலையில் தப்பிய வரிசையில் மறுபடி நிற்கிறார்கள். முடிந்தால் உங்கள் ஊரிலேயே முந்தைய மாலை எடுத்துவிடுங்கள்.

இனி நேரம். லிஃப்ட் 9 மணிக்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (இடத்துக்கு இடம் 8:30, 9 என்று மாறும்). பார்க்கிங்கில் 8 மணி, கேட்டில் 8:45. அப்படியானால் வீட்டை விட்டு 5:15-க்குக் கிளம்ப வேண்டும், வழியில் ஒருமுறை நிற்பதற்கும் சேர்த்து. 9 முதல் 10 வரைதான் நாளிலேயே நல்ல நேரம். சரிவு முந்தைய இரவு இயந்திரம் சீவிய மேனிக்கு இருக்கும், ஆளும் இருக்காது. 9:30-லிருந்து 11 வரை அடிவாரத்தில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் மேலே இருக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் கடிகாரம் வேறு. அவர்கள் ஏறப்போவது நின்றபடியே சரிவில் மேலே கொண்டுபோகும் நகரும் பட்டையில், அங்கே கூட்டத்தை உண்டாக்குவது பயிற்சி வகுப்புகள். பெரும்பாலும் 10 மணிவாக்கில் வகுப்புகள் தொடங்கும், 12 மணிக்குச் சாப்பாட்டுக்குக் கலையும், 1:30 அல்லது 2-க்கு மறுபடி கூடும். வகுப்பில் சேர்க்கவில்லை என்றால் 9-லிருந்து 10 வரை பழக விடுங்கள். 10:30-க்குப் பனியில் விளையாட்டு, 11:15-க்குச் சாப்பாடு, 12-லிருந்து 1:30 வரை பட்டை அநேகமாகக் காலி. முதல் நாளில் பிள்ளைகளின் கால் 2 மணிக்கு மேல் தாங்காது, அதோடு நிறுத்திவிடலாம். வகுப்பில் சேர்த்தால் இன்னொரு நன்மை உண்டு: பல இடங்களில் பயிற்சியாளரோடு வரும் குழுவுக்குத் தனி வழி விடுவார்கள்.

சாப்பாட்டுக்கு 11:15 அல்லது 1:45. நடுவில் போனால் உட்கார இடம் தேடுவதிலேயே அரை மணி போய்விடும்.

நீலவானம்

மிக்க நன்றி, இரண்டு பதிலையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கான பகுதி இன்னும் தெளிவாகவில்லை. நாங்கள் பார்க்கும் இடங்களில் ஒன்றில் கேபிள் கார் இரண்டு கட்டமாகப் போகிறது, உச்சி ஏறக்குறைய 3,000 மீட்டர். காலையிலேயே எங்களோடு ஏறச் சொல்லலாமா? மூன்றரை மணிக்கு எல்லோரும் சேர்ந்து இறங்கினால் சரியா?

சிகரக்காற்று

மூன்றரை மணிக்கு வேண்டவே வேண்டாம். சறுக்கி இறங்கத் தெரியாதவர்கள், களைத்தவர்கள், கீழ்ச்சரிவில் பனி உருகிவிட்டதால் தயங்குபவர்கள் என்று அத்தனை பேரும் 3 மணிக்குப் பிறகு இறங்கும் பெட்டிக்குத்தான் வருவார்கள். காலையில் ஏற மட்டும் வரிசை, சாயங்காலம் இறங்க மட்டும் வரிசை. 2 மணி வரை கொண்டோலாப் பெட்டிகள் கீழே காலியாகத்தான் போகின்றன. அம்மாவும் பிள்ளைகளும் 2:15-க்குள் இறங்கட்டும்.

ஏற நல்ல நேரம் இரண்டு. ஒன்று முதல் பெட்டி. ஆனால் அதற்கு அம்மா 8:30-க்கே குளிரில் நிற்க வேண்டும். இன்னொன்று 11:45-லிருந்து 12:45 வரை, ஸ்கீ ஆட்கள் ஏறி முடித்து மேலே சாப்பிட உட்காரும் நேரம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதுவரை அடிவாரத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். பெரியவர்கள் இருவரில் ஒருவர் 11:30-க்குக் கீழே வந்து அம்மாவைக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். கீழே வராதீர்கள் என்று கம்பிவடம் சொன்னதற்கு இது ஒன்று விலக்கு, அந்த நேரத்தில் அடிவார வரிசை தணிந்திருக்கும்.

இரண்டு கட்டம் என்றால் நடு நிலையத்தில் இரண்டாவது வரிசை உண்டு. கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பிரான்ஸில் ஷாமோனியிலிருந்து ஐகுய் து மிதி சிகரத்துக்குப் போகும் கேபிள் கார் இப்படித்தான். 1,035 மீட்டரிலிருந்து 2,317 மீட்டர் வரை ஒரு பெட்டி, அங்கே இறங்கி மாறி 3,777 மீட்டருக்கு இன்னொரு பெட்டி. இந்த மாதிரி இடங்களில் ஏறும் நேரத்தை முன்பதிவு செய்யும் வசதி இருந்தால் கட்டாயம் செய்யுங்கள், இறங்குவதற்கு வரிசை எண் கொடுக்கிறார்களா என்று மேலே கால் வைத்ததுமே கேளுங்கள்.

இன்னும் எந்த மலை என்று முடிவாகவில்லை என்றால் அம்மாவை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்று கம்பிகளில் ஓடும் புதிய வகைக் கொண்டோலா உள்ள மலை பெரியவர்களுக்கு உகந்தது. இரண்டு கம்பி பெட்டியைத் தாங்கும், மூன்றாவது இழுக்கும். அதனால் பலத்த காற்றிலும் ஆட்டம் குறைவு, காற்றுக்காக நிறுத்துவதும் குறைவு. 2020 டிசம்பரில் திறந்த, சுவிட்சர்லாந்தில் கிரின்டெல்வால்டின் ஐகர் எக்ஸ்பிரஸ் அந்த வகை, பெட்டிக்கு 26 இடம், மணிக்கு 2,200 பேர் வரை ஏற்றும். பழைய இரட்டைப் பெட்டி கேபிள் காரோடு ஒப்பிட்டால் காத்திருப்பு எவ்வளவு குறையும் என்று மேலே உள்ள கணக்கிலேயே தெரியும்.

உடம்பு பற்றியும் சொல்ல வேண்டும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். கால் மணியில் அங்கே போய்ச் சேரும்போது உடம்பு பழகியிருக்காது. படி ஏறுவதைப் பாதி வேகத்தில் செய்யட்டும். தலைசுற்றலோ மூச்சு வாங்கலோ தொடங்கினால் காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும். இதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் போகும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். வெப்பம் 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 0 என்றால் அதற்கு 2,000 மீட்டர் மேலே மைனஸ் 13. அம்மாவுக்குக் கையுறையும் தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் அவசியம். வரிசையில் அசையாமல் நிற்பவருக்குத்தான் அதிகம் குளிரும்.

டிக்கெட் வாங்கும் முன் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, மேலே பளிச்சென்று வெயில் என்பது அடிக்கடி நடக்கும். கீழே மங்கலாக இருக்கிறதே என்று பலர் திரும்பிப்போகும் அந்த நாள்தான் உங்களுக்கு உகந்தது.

ஏழாம்வளைவு

நாளையும் சாலையையும் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாதி வரிசை அங்கேதான் தீர்மானமாகிறது.

சனிக்கிழமை என்று பொதுவாகப் பயப்பட வேண்டாம், எந்த மாதிரி மலை என்று பாருங்கள். ஆல்ப்ஸில் ஒரு வாரம் தங்க வருகிறவர்களின் விடுதிகள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஆள் மாறும். அன்று பழையவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், புதியவர்கள் வழியில் இருப்பார்கள். ஆகையால் பெரிய தங்குமலைகளில் சனிக்கிழமை சரிவு இலகுவாக இருக்கும், சாலைதான் அடைக்கும். பெருநகருக்கு ஒன்றரை மணிக்குள் இருக்கும் மலையில் நிலைமை தலைகீழ், சனி ஞாயிறுதான் அங்கே உச்சம். பள்ளி விடுமுறை அட்டவணையைப் பக்கத்து நாடுகளுடையதையும் சேர்த்துப் பாருங்கள். பிரான்ஸில் பள்ளிகளை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து பிப்ரவரி, மார்ச் விடுமுறையை மாற்றி மாற்றி விடுகிறார்கள். எந்த மண்டலத்துக்கும் விடுமுறை இல்லாத வாரம் கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

வானிலையில் மிக மோசமான சேர்க்கை, இரண்டு நாள் பனி கொட்டி மூன்றாம் நாள் வெயில், அதுவும் வார இறுதி. கூட்டம் மட்டும் காரணமில்லை. புதுப் பனிக்குப் பிறகு பனிச்சரிவு ஆபத்தைச் சோதித்து முடிக்கும்வரை மேல் லிஃப்டுகளைத் திறக்க மாட்டார்கள், எல்லோரும் கீழே இருக்கும் இரண்டு மூன்று லிஃப்டில் சிக்குவார்கள். பலத்த காற்று அடிக்கும் நாளிலும் இதேதான். உங்கள் வீட்டில் பாதிப்பேர் கற்பவர்கள், அவர்களுக்குப் புதுப் பனி தேவையே இல்லை. லேசான மேகமூட்டம், காற்று குறைவு என்று முன்னறிவிப்பு இருக்கும் நாள் கிடைத்தால் உங்களுக்கு அதுவே யோகம்.

வெள்ளைத்தடம் சொன்ன 5:15 புறப்பாட்டில் எனக்கு ஒரு தயக்கம். பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளும் 68 வயது அம்மாவும் காரில் இருக்கும்போது அது நடக்குமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நடக்காது என்றால் பாதியில் சமரசம் செய்து 10 மணிக்குப் போய்ச் சேராதீர்கள், அதுதான் எல்லாவற்றிலும் கெட்ட நேரம். 8:15-க்கு முன், இல்லாவிட்டால் 12:15-க்குப் பின். பல மலைகளில் மதியப் பாஸ் 12 அல்லது 12:30-லிருந்து செல்லும், விலையும் குறைவு. 1 மணிவாக்கில் காலையில் வந்தவர்கள் சிலர் கிளம்புவதால் பார்க்கிங்கிலும் இடம் விழும். பிள்ளைகளுக்கு 12:30-லிருந்து 3:30 வரை மூன்று மணி நேரம் தாராளம்.

திரும்பும் சாலை 3:30-லிருந்து 5:30 வரை நகராது. 2:45-க்குள் கிளம்புங்கள், முடியாவிட்டால் சூடாக எங்காவது உட்கார்ந்துவிட்டு 6 மணிக்குக் கிளம்புங்கள். காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். மலை ஏறும் முன் எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் டயர் சங்கிலியை வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சங்கிலியை மாட்டுவது என்ஜின் ஓட்டும் சக்கரத்துக்குத்தான், முன்சக்கர ஓட்டமுள்ள காரில் முன்னால். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கியபின் நடுச்சாலையில் மாட்டுபவர்களால்தான் பின்னால் வரும் நூறு கார் நிற்கிறது. அடிவாரத்தில் இதற்கென்றே இருக்கும் ஒதுக்கிடத்திலேயே மாட்டிவிடுங்கள்.

வெள்ளைத்தடம்

மதியப் பாஸ் நல்ல யோசனைதான், கற்பவர்களுக்கு. ஆனால் இளவேனில் நெருங்கும் மாதமாக இருந்தால் மதியத்துக்குள் கீழ்ச்சரிவு கூழாகிவிடும், பிள்ளைகளால் திருப்பவே முடியாது. கற்பவர்களுக்கான பகுதி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். வடக்கு நோக்கிய சரிவாக இருந்தால் 3 மணி வரைகூடப் பனி கெட்டியாக நிற்கும்.

இன்னொன்று, கேட்டில் நேரம் போவதற்குப் பெரும்பாலும் கார்டுதான் காரணம். கார்டு வாசிக்கும் கருவி வழக்கமாக இடப்பக்கம் இருக்கும். ஜாக்கெட்டின் இடது பையில் கார்டை மட்டும் வைத்து, கைபேசியையும் சாவியையும் வலப்பக்கம் மாற்றுங்கள். ஒரே பையில் இரண்டு சிப் கார்டு இருந்தால் கருவி குழம்பிக் கதவு திறக்காது. பழைய பயணத்துக் கார்டு உள்ளே கிடக்கிறதா என்று முந்தைய இரவே பார்த்து எடுத்துவிடுங்கள்.

நீலவானம்

ஏழாம்வளைவு சொன்னபடி 5:15 எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். மதியத் திட்டத்துக்கே போகிறோம். அப்படியானால் அம்மா எப்போது ஏறுவது? பார்க்கிங்கிலிருந்து வரவே 12:30 ஆகிவிடும்.

சிகரக்காற்று

வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஒருவர் அம்மாவோடு நேராகப் பெட்டிக்கு, மற்றவர் பிள்ளைகளோடு பட்டைக்கு. 12:45-க்கு ஏறினால் இரண்டு கட்டமும் சேர்ந்து 1:15-க்குள் உச்சி, முக்கால் மணி நேரம் அங்கே, 2:15-க்குக் கீழே. அதற்குப் பிறகு பெரியவர்கள் ஆள் மாற்றிக்கொண்டு தனிநபர் வரிசையில் ஒரு மணி நேரம் சறுக்கலாம். நடந்து பார்க்க வருபவர்களுக்கான டிக்கெட் ஸ்கீ பாஸிலிருந்து வேறு, அதற்கு மதியக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. ஏறும் நேரம் 12:45 என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள், லிஃப்ட் வாசலில் வேண்டாம். பட்டைக்குப் பக்கத்தில் பயிற்சிப் பள்ளிப் பலகை மாதிரி ஏதாவது ஒன்று. குளிரில் கைபேசி பேட்டரி சட்டென்று இறங்கும். உள்சட்டைப் பையில் வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும்.